அப்பா விட்டுச்சென்ற லைன் வீடும் அதில் குடியிருப்பவர்களும்

வாசகர் கேள்வி – பதில்

கேள்வி: சேலம் குகைப் பகுதியில் அப்பா கட்டிய ஐந்து லைன் வீடுகள் இருக்கின்றன. போன ஆடியில் அவர் காலமானார். நான் ஓசூரில் தனியார் கம்பெனியில் வேலை பார்க்கிறேன். அம்மா என்னோடு இருக்கிறார். மூன்று வீடுகளுக்கு மாத வாடகை தலா 3,500 ரூபாய். அதில் ஒரு வீட்டுக்காரர் கொலுசுப் பட்டறைக்குப் போகிறவர். வேலை இல்லை என்று நான்கு மாதமாக வாடகை தரவில்லை. நான்காவது வீட்டில் ஒரு பாட்டி தனியாக இருக்கிறார். பல வருடமாக 800 ரூபாய்தான். ஐந்தாவது வீட்டை அப்பா 2 லட்சத்துக்குப் போக்கியத்துக்கு விட்டிருக்கிறார். அவர்கள் பெண்ணைக் கல்லூரியில் சேர்க்க வேண்டும், பணத்தைத் திருப்பித் தாருங்கள் என்று கேட்கிறார்கள். எதற்கும் முறையான பத்திரம் இல்லை; அப்பாவின் நோட்டு ஒன்றுதான் இருக்கிறது. ‘எல்லோரையும் காலி பண்ணிவிட்டு, விற்றுப் பங்கு பிரிப்போம். இப்படியே விட்டால் வீடு அவர்களுக்கே சொந்தமாகிவிடும்’ என்கிறார்கள் அக்காவும் மாமாவும். எனக்கு வீட்டுக்கடன் தவணை ஓடுகிறது. ஆனால் அவர்களை வெளியே போகச் சொல்ல மனசு வரவில்லை. என்ன செய்யட்டும்?
– ஒரு வாசகர், ஓசூர்

பதில்: தம்பி, உங்கள் மாமா பயமுறுத்திய விஷயத்தை முதலில் முடித்துவிடுகிறேன். பன்னிரண்டு வருடம் இருந்தால் வீடு குடியிருப்பவருக்கே என்று சேலம் முழுக்கச் சொல்வார்கள். பல வருடம் வக்கீல் குமாஸ்தாவாக இருந்தவள் நான். இந்தப் பயத்தோடு ஆபீஸ் படியேறியவர்களை நிறையப் பார்த்திருக்கிறேன். உங்கள் அப்பாவின் அனுமதியோடு, வாடகை கொடுத்துக் குடிவந்தவர் வாடகைதாரர். எத்தனை வருடம் இருந்தாலும் அந்த வருடக் கணக்கு மட்டும் அவரை உரிமையாளர் ஆக்கிவிடாது. அப்பாவின் நோட்டில் அவர்கள் கொடுத்த வாடகை மாதாமாதம் பதிவாகியிருக்கும் அல்லவா? அதுவே நல்ல சாட்சி. அந்த நோட்டைப் பத்திரமாக வையுங்கள். ஒவ்வொரு பக்கத்தையும் போனில் படம் எடுத்து அக்காவுக்கும் அனுப்பிவிடுங்கள்.

அடுத்தது, இந்த வீடுகளுக்கு இப்போது யார் சொந்தக்காரர்? அப்பா தன் சம்பாத்தியத்தில் கட்டி, உயில் எழுதாமல் போயிருந்தால், இந்து வாரிசுரிமைச் சட்டப்படி அம்மா, அக்கா, நீங்கள் மூவருக்கும் சம பங்கு. வாரிசுச் சான்றிதழுக்கு இ-சேவை மையத்தில் விண்ணப்பித்து, அதை வைத்துச் சொத்து வரி, மின் இணைப்பு, பட்டா எல்லாவற்றிலும் பெயர் மாற்றுங்கள். வாடகை வசூலிக்க அம்மாவும் அக்காவும் உங்களுக்கு எழுத்தில் சம்மதம் தரட்டும். இதை நான் முன்னால் சொல்லக் காரணம் இருக்கிறது. குடியிருப்பவருக்கு நீங்கள் விட்டுக்கொடுக்கிற ஒவ்வொரு ரூபாயிலும் மூன்றில் ஒரு பங்கு அக்காவுடையது. அவரைக் கேட்காமல் நீங்கள் தாராளமாக இருந்தால், கோபம் கடைசியில் குடித்தனக்காரர்கள் தலையில்தான் இறங்கும். அக்காவுக்குச் சேர வேண்டியதை மாதாமாதம் கணக்கோடு அனுப்புங்கள். சலுகை தர விரும்பினால் உங்கள் பங்கிலிருந்து தாருங்கள், அல்லது மூவரும் பேசித் தாருங்கள். மூன்று வாடகையும் பாட்டியின் 800-ம் சேர்த்து முழுசாக வந்தால் 11,300 ரூபாய். இப்போது வருவது 7,800. அதில் சொத்து வரி, மோட்டார் ரிப்பேர், செப்டிக் டேங்க் செலவு எல்லாம் போக எவ்வளவு நிற்கிறது என்று ஒரு தாளில் எழுதிப் பாருங்கள். எவ்வளவு தாங்க முடியும் என்று தெரியாமல் போய் உட்கார்ந்தால், அவர் கண் கலங்கியதும் ஒத்துக்கொண்டு வருவீர்கள், ஓசூர் போனதும் போனில் கடுமையாகப் பேசுவீர்கள். ஒரு குடும்பத்துக்கு இரண்டையும் ஒரே வாரத்தில் செய்யக் கூடாது.

இப்போது கொலுசு வேலைக்காரரிடம் வருவோம். எனக்கு இது ரொம்ப வேண்டிய விஷயம். செவ்வாய்ப்பேட்டை, பள்ளப்பட்டி, சிவதாபுரம், கொண்டலாம்பட்டி என்று நம் ஊரில் எத்தனை வீட்டு அடுப்பு இந்தக் கொலுசில் எரிகிறது! வியாபாரி வெள்ளியை எடை போட்டுக் கொடுப்பார். பட்டறை கொலுசாக்கி எடை போட்டுத் திருப்பிக் கொடுக்கும். வேலை செய்தவருக்குக் கூலி மட்டும்தான். வெள்ளி விலை ஏறினால் அவருக்குக் காசு கூடாது. விலை ஏறியதும் வாங்குகிறவர்கள் நின்றுவிடுவார்கள், வெளிமாநில ஆர்டர் குறையும், பட்டறை வாரத்தில் இரண்டு மூன்று நாள்தான் நடக்கும். ஆடி, மார்கழி மாதங்களில் முகூர்த்தம் இல்லாததால் இன்னும் மந்தம். உங்கள் குடித்தனக்காரர் பொய் சொல்கிறார் என்று எடுத்த எடுப்பில் நினைக்க வேண்டாம்.

ஒரு ஞாயிற்றுக்கிழமை நேரில் போங்கள். வாசலில் நின்று பேசாதீர்கள். லைன் வீட்டில் வாசலில் பேசினால் ஐந்து வீட்டுக்கும் கேட்கும், அவர் மானம் போய்விடும். மானம் போன மனிதர் உங்களிடம் உண்மையைச் சொல்ல மாட்டார். உள்ளே போய் உட்காருங்கள். அவர் மனைவியும் கூட இருக்கட்டும். அந்த வீட்டில் பணக் கணக்கு பெரும்பாலும் அவரிடம்தான் இருக்கும். குழுக் கடன் எவ்வளவு, வாரத் தவணை எவ்வளவு என்று கேளுங்கள். என் அனுபவத்தில் வாடகை பாக்கிக்குப் பின்னால் அநேகமாக ஒரு குழுக் கடன் இருக்கும். தவணைக்கு ஆள் வந்து வாசலில் உட்கார்ந்துவிடுவதால் அது முதலில் போய்விடும். அப்பா இருந்தவரை அவரே மாதாமாதம் நேரில் வந்து வாங்கியிருப்பார். இப்போது கேட்க ஆள் இல்லை என்றதும் வாடகை கடைசி வரிசைக்குப் போய்விட்டது.

நான் உங்கள் இடத்தில் இருந்தால் இப்படிக் கேட்பேன்: பட்டறையில் வாரக்கூலிதானே, வாடகையும் வாரத்துக்கு 600 ரூபாயாகக் கொடுத்துவிடுங்கள், கூலி வாங்கிய அன்றே கூகுள் பேயில் போட்டுவிடுங்கள். பழைய பாக்கி 14,000 அப்படியே நிற்கட்டும், அதற்கு வட்டி வேண்டாம். ஆறு மாதம் இப்படிப் போகட்டும். அதன் பிறகு முழு வாடகை 3,500, அதோடு பாக்கியில் மாதம் 1,000. 600 ரூபாயும் முடியாது என்று அவர்கள் கணக்குக் காட்டிச் சொன்னால், அந்த வீடு அவர்களுக்கு இப்போது கட்டுபடியாகவில்லை என்று அர்த்தம். அப்போது அதைச் சொல்லிவிடுங்கள். சின்ன வீடு பார்க்க இரண்டு மாதம் கொடுங்கள், அட்வான்ஸை மிச்சமில்லாமல் பாக்கியில் கழித்துக்கொள்ளாமல் வேறு வீட்டு அட்வான்ஸுக்குக் கொஞ்சம் கையில் கொடுத்து அனுப்புங்கள். கையில் அட்வான்ஸ் இல்லாதவர் எந்த வீட்டுக்குப் போவார்? போக இடமில்லாமல் உங்கள் வீட்டிலேயே இருப்பார், பாக்கி இன்னும் ஏறும்.

ஒத்துக்கொண்டது எதுவானாலும் ஒரு தாளில் எழுதி, இருவரும் கையெழுத்துப் போட்டு, ஆளுக்கொரு பிரதி வைத்துக்கொள்ளுங்கள். எவ்வளவு குறைப்பு, எந்த மாதம் வரை, பாக்கி எவ்வளவு, எப்போதிலிருந்து என்பதெல்லாம் அதில் இருக்க வேண்டும். வாய்வார்த்தையாக ‘சரி, பார்த்துக் கொடுங்கள்’ என்று விட்டால் நீங்கள் கால அவகாசம் கொடுத்ததாக நினைப்பீர்கள், அவர் தள்ளுபடி என்று நினைப்பார். இரண்டு பேரிடமும் தப்பு இருக்காது, ஆனாலும் சண்டை வரும்.

அந்தக் குடும்பத்துக்கு நீங்கள் காசு செலவில்லாமல் செய்யக்கூடியதும் இருக்கிறது. பொன், வெள்ளி வேலை செய்கிறவர்களுக்கு அமைப்புசாராத் தொழிலாளர் நலவாரியம் உண்டு. அதில் அவர் பதிந்திருக்கிறாரா என்று கேளுங்கள். பதிந்திருந்தால் பிள்ளைகள் படிப்புக்கு உதவித்தொகை, 60 வயதுக்குப் பிறகு ஓய்வூதியம் எல்லாம் இருக்கிறது. வருட வருமானம் 1,20,000 ரூபாய்க்குள் என்றால் முதலமைச்சர் காப்பீட்டு அட்டை எடுத்திருக்கிறாரா? ஒரு ஆஸ்பத்திரிச் செலவுதான் இந்தக் குடும்பங்களைக் கடனில் தள்ளுகிறது. மனைவிக்கு மகளிர் உரிமைத்தொகை 1,000 ரூபாய் வருகிறதா? இன்னொன்று, ஐந்து வீட்டுக்கும் ஒரே மீட்டர் வைத்து யூனிட்டுக்கு இவ்வளவு என்று அப்பா வாங்கிக்கொண்டிருந்தால், வீட்டுக்கு ஒரு இணைப்புக் கிடைக்குமா என்று மின்வாரியத்தில் கேளுங்கள். வீட்டு இணைப்புக்கு இரண்டு மாதத்துக்கு முதல் 100 யூனிட் இலவசம். அந்தச் சலுகை ஐந்து வீட்டுக்கும் தனித்தனியாகப் போய்ச் சேர வேண்டியது.

கோபம் வந்தாலும் ஒன்றை மட்டும் செய்யாதீர்கள். தண்ணீர் மோட்டாரை நிறுத்துவது, ஃபியூஸ் பிடுங்குவது, கக்கூஸுக்குப் பூட்டுப் போடுவது. இது 2019 பிப்ரவரி 22 முதல் நடைமுறையில் இருக்கும் தமிழ்நாடு நில உரிமையாளர், வாடகைதாரர் சட்டத்தில் நேரடியாகத் தடை செய்யப்பட்டது. சட்டத்தை விடுங்கள், அந்த லைனில் சின்னப் பிள்ளைகள் இருக்கிறார்கள். அப்பா கட்டிய வீட்டில் அப்படி ஒரு காரியம் நடக்கக் கூடாது.

பாட்டி விஷயத்துக்கு வருகிறேன். இதை நான் பிரச்சினையாகவே பார்க்கவில்லை. 800 ரூபாய் போதும் என்று அப்பா தெரிந்தேதான் விட்டிருக்கிறார். அம்மாவிடம் கேளுங்கள், ஏன் என்று அவருக்குத் தெரிந்திருக்கும். மூவரும் பேசி, அப்பா பேரில் அதை அப்படியே தொடரலாம் என்று முடிவு செய்யுங்கள். அக்கா சம்மதிக்காவிட்டால் அவர் பங்குக்கு வர வேண்டிய வித்தியாசத்தை நீங்கள் கொடுத்துவிடுங்கள். ஆனால் பாட்டிக்கும் எழுத்து ஒப்பந்தம் போடுங்கள். 800 ரூபாய் என்றே போடுங்கள். நாளைக்கு நீங்கள் வீட்டை விற்றால், வாங்குகிறவர் முன்னால் அவர் காட்ட ஒரு காகிதம் வேண்டும். உறவுக்காரர் யார், அவசரத்துக்கு யாரைக் கூப்பிடுவது என்று அதிலேயே ஒரு வரி எழுதுங்கள். ஆதரவற்ற விதவை அல்லது முதியோர் உதவித்தொகை மாதம் 1,200 ரூபாய் அவருக்கு வருகிறதா என்று பாருங்கள். வரவில்லை என்றால் விண்ணப்பிக்க நீங்களே இ-சேவை மையத்துக்குக் கூட்டிக்கொண்டு போங்கள். ஆதார், ரேஷன் கார்டு, வங்கிப் புத்தகம் எடுத்துக்கொள்ளச் சொல்லுங்கள். அப்புறம், லைன் வீட்டில் கக்கூஸ் கடைசியில்தானே இருக்கும்? அந்த வழியில் ஒரு விளக்கும், பிடித்து நடக்கச் சுவரில் ஒரு பைப்பும் போட்டுக் கொடுங்கள். பெரிய செலவு ஆகாது. வயதானவர்கள் ராத்திரியில் விழுந்தால் எழுந்திருப்பதில்லை.

போக்கியம்தான் நிஜமான சிக்கல். மற்ற வீடுகளில் அவர்கள் உங்களுக்குத் தர வேண்டும். இங்கே கஷ்டத்தில் இருக்கும் குடும்பத்துக்கு நீங்கள் கடன்பட்டிருக்கிறீர்கள். நோட்டில் மட்டும் எழுதியது, பதிவு செய்யாதது, செல்லாது என்று யாராவது உங்களுக்கு யோசனை சொல்வார்கள். கேட்காதீர்கள். பதிவு இல்லாததால் அது அடமானமாக நிற்காமல் போகலாம். வாங்கிய பணம் வாங்கிய பணம்தான். அப்பாவின் சொத்து உங்கள் கைக்கு வந்திருக்கிற அளவுக்கு அப்பாவின் கடனும் வந்திருக்கிறது. அந்தக் குடும்பம் சிறுகச் சேர்த்ததோ, நகையை வைத்ததோ, அந்த 2 லட்சம் அவர்களுடைய மொத்தச் சேமிப்பாக இருக்கும்.

கல்லூரிச் சேர்க்கைக்கு எவ்வளவு, எந்தத் தேதிக்கு என்று கேளுங்கள். முழு 2 லட்சமும் ஒரே நாளில் தேவைப்படாமல் இருக்கலாம். முதல் வருடக் கட்டணம் 60,000 என்று வைத்துக்கொள்வோம். அதை மட்டும் மூவருமாகப் புரட்டிக் கொடுத்துவிட்டு, மீதி 1,40,000-க்குப் போக்கியம் தொடர்வதாக எழுதிக்கொள்ளலாம். குறைந்த தொகைக்கு ஈடாக அவர்கள் மாதம் ஆயிரம் ரூபாய் மாதிரி ஒரு சின்ன வாடகை தரலாம். மீதியைத் திருப்ப மற்ற வீட்டு வாடகையில் மாதம் 5,000 தனிக் கணக்கில் போட்டு வந்தால் 28 மாதத்தில் முடிந்துவிடும். அந்தப் பெண் அரசுப் பள்ளியில் ஆறாவது முதல் படித்தவளா? அப்படியென்றால் புதுமைப்பெண் திட்டத்தில் மாதம் 1,000 ரூபாய் கிடைக்கும், அதையும் சொல்லுங்கள். ஒருவரிடம் 3 லட்சம் புதுப் போக்கியம் வாங்கி இவர்களை அனுப்பும் வழியையும் பலர் செய்கிறார்கள். எனக்கு அதில் உடன்பாடு இல்லை. கடன் உங்கள் பிள்ளை வரைக்கும் போய்விடும்.

ஐந்து வீட்டுக்கும் எழுத்து ஒப்பந்தம் அவசியம். பதினோரு மாதம் போட்டால் பதிவு வேண்டாம் என்ற பழைய பழக்கம் இப்போது போதாது. எவ்வளவு காலத்துக்கானாலும் ஒப்பந்தத்தை வாடகை அதிகாரியிடம் பதிய வேண்டும், அதற்கு அரசின் இணையதளம் இருக்கிறது. இரண்டு மாத வாடகை பாக்கி விழுந்து, நோட்டீஸ் கொடுத்து ஒரு மாதத்துக்குள் கட்டவில்லை என்றால், வாடகை நீதிமன்றத்துக்குப் போகச் சட்டம் இடம் தருகிறது. அந்த வழி உங்களுக்கு இருக்கிறது என்று தெரிந்துகொள்ளுங்கள். முதல் சந்திப்பில் அதைச் சொல்லி மிரட்டத் தேவையில்லை. பாக்கியைச் சட்டப்படி கேட்க மூன்று வருடம்தான் கெடு என்பதால் பாக்கியை எழுதிய தாளில் கொலுசு வேலைக்காரரின் கையெழுத்தும் தேதியும் இருப்பது நல்லது.

அக்காவுக்குப் பணம் அவசரம் என்றால் விற்பதைப் பற்றிக் கோபப்படாதீர்கள், அது அவர் உரிமை. அவர் பங்கை நீங்கள் வாங்கிக்கொண்டு விடுதலைப் பத்திரம் எழுதலாம். குடும்பத்துக்குள் என்றால் முத்திரைத் தீர்வை 1 சதவீதம், அதிகபட்சம் 40,000. பதிவுக் கட்டணம் 1 சதவீதம், அதிகபட்சம் 10,000. வெளியாளுக்கே விற்பதானாலும் குடியிருப்பவர்களோடு விற்கலாம். வாங்குகிறவர் உங்கள் இடத்துக்கு வருகிறார், அவ்வளவுதான்.

கேள்வி: ஏற்காட்டில் என் சித்தி எனக்கு எழுதிவைத்த வீட்டில், ஏரிக்குப் பக்கத்தில் கடை போட்டிருக்கும் குடும்பம் இருக்கிறது. மழைக்காலத்தில் வாடகை வராது. மே மாதம் மொத்தமாகத் தருவார்கள். சித்தி இதற்குப் பழகியிருந்தார். நான் எப்படிச் சமாளிப்பது?
– ஒரு வாசகி, அஸ்தம்பட்டி

பதில்: மலையில் வருமானம் அப்படித்தான் வரும், தாயி. ஏப்ரல், மே, ஜூனில் கூட்டம். கோடை விழா சமயத்தில் நிற்க இடம் இருக்காது. மழை பிடித்தால் ஈ ஓட்ட வேண்டியதுதான். 2024 டிசம்பர் தொடக்கத்தில் ஃபெஞ்சல் புயல் மழையில் மலைப்பாதையில் மண் சரிந்து போக்குவரத்தே நின்றபோது கடைக்காரர்கள் பட்ட பாட்டை நீங்களும் பார்த்திருப்பீர்கள். வருட வாடகையைக் கூட்டி, அதை மாதங்களுக்குச் சமமில்லாமல் பிரித்து எழுதுங்கள். மாதம் 4,000 என்றால் வருடம் 48,000. சீசன் மூன்று மாதம் மாதத்துக்கு 8,000, மற்ற ஒன்பது மாதமும் சுமார் 2,700. ஒப்பந்தத்திலேயே இப்படிப் போட்டுவிட்டால் மழைக்காலத்தில் அவர்கள் பாக்கிக்காரர் ஆக மாட்டார்கள், நீங்களும் மாதாமாதம் மனசு சங்கடப்பட வேண்டாம். மழைக்கு முன்னால் கூரையைப் பார்க்கச் சொல்லுங்கள். அந்தச் செலவு உங்களுடையது.

கேள்வி: அம்மாப்பேட்டையில் நாங்கள் குடியிருக்கும் வீட்டுக்காரர் இறந்துவிட்டார். அவருடைய இரண்டு பிள்ளைகளும் தனித்தனியாக வந்து வாடகை கேட்கிறார்கள். என் கணவருக்குத் தறி வேலை குறைந்துவிட்டது. இரண்டு பேருக்கும் கொடுக்க எங்களால் முடியாது. யாரிடம் கொடுப்பது?
– ஒரு வாசகி, சேலம்

பதில்: இரண்டு தரம் கொடுக்க வேண்டிய அவசியம் உங்களுக்கு இல்லைம்மா. ‘வாடகையை யாரிடம் கொடுக்க வேண்டும் என்று வாரிசுகள் எல்லோரும் கையெழுத்துப் போட்டுத் தாருங்கள்’ என்று இருவருக்கும் பதிவு வசதியோடு ஸ்பீட் போஸ்டில் ஒரே கடிதம் எழுதுங்கள். அனுப்பிய ரசீதையும், அவர்களுக்குப் போய்ச் சேர்ந்ததற்கான சான்றையும் பத்திரமாக வையுங்கள். பதில் வரும்வரை வாடகைப் பணத்தைச் செலவு செய்யாதீர்கள். தனியாக வங்கியில் போட்டு வையுங்கள். அவர்கள் ஒத்துப்போகாவிட்டால், யாருக்குக் கொடுப்பது என்ற சந்தேகம் இருக்கும்போது வாடகையை வாடகை அதிகாரியிடமே கட்டச் சட்டத்தில் வழி இருக்கிறது. துணை ஆட்சியர் நிலைக்குக் குறையாத அதிகாரி அவர்; கலெக்டர் ஆபீசில் விசாரித்தால் எந்த அறை என்று சொல்வார்கள். அதுவரைக்கும் யாராவது அவசரப்படுத்திப் பணம் வாங்கினால் தேதி போட்ட ரசீது இல்லாமல் கொடுக்காதீர்கள். கணவரை விசைத்தறி அல்லது கைத்தறி நலவாரியத்தில், எது பொருந்துமோ அதில், 60 வயதுக்கு முன்பே பதிந்துவிடுங்கள்.